மன்னவனூர்ப் பக்கம் வேனுக்குள் ஒரு ராத்திரி

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேல்பகுதியில் வேனுக்குள் தனியாகத் தங்குகிறவருக்கு ராத்திரி சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பல நாட்களில் அந்த நேரத்துக்கு மேகம் இறங்கி, பத்தடி தள்ளி நிற்கும் மரம்கூட மறைந்துவிடும். அதற்குப் பிறகு வண்டியை எங்கே நிறுத்தினாலும் குருட்டாம்போக்கில் நிறுத்தியதுதான். மூன்றரைக்குள், வண்டியை நிறுத்தித் தங்கப்போகும் தோட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் வத்தலக்குண்டைத் தாண்டிவிடுங்கள். கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் சுமார் 35 கி.மீ. டேங்கைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

2024 மே மாதத்தில் இருந்து மலையேற இ-பாஸ் வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் அனுமதியில்லை. ஆகவே 20 லிட்டர் கேன் ஒன்றும், கையில் எவர்சில்வர் பாட்டில் ஒன்றும் போதும். சாலையோரக் காட்டில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கும் எண்ணம் வேண்டாம். வனத்துறை விடாது, விடவும் கூடாது. பட்டா நிலமா, ஆட்களைத் தங்கவைக்க அனுமதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே தோட்டக்காரரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

இடம் தேர்வுதான் பாதி வேலை. தோட்டக்காரர் அன்பாகக் காட்டுவது பெரும்பாலும், சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தில் ஓடைக்கரையில் இருக்கும் கடைசிப் படியாக இருக்கும். சமதளம், பார்க்கவும் அழகு. ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவோடு வழிந்து அங்கேதான் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் பிடிப்பதும் அந்தப் பள்ளத்தைத்தான். இரண்டு மூன்று படி மேலே, காற்றுக்கு மறைவாக, யூகலிப்டஸ் கிளைகளுக்கு அடியில் வராத இடமாகக் கேளுங்கள். யூகலிப்டஸ் கிளை காற்றே இல்லாதபோதும் முறிந்து விழும். “மழ பேஞ்சா இங்கன தண்ணி நிக்குமாண்ணே?” என்ற கேள்விக்கு நிலத்துக்காரரைவிடச் சரியான பதில் யாரிடமும் கிடைக்காது.

அடுத்த கேள்வி சோலார் வேலி. காட்டுப்பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் பயந்து கட்டியிருப்பார்கள். எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, எத்தனை மணிக்குப் போடுவார்கள், கேட்டைத் திறக்க எந்தப் பிடியைப் பிடிக்க வேண்டும் என்று வெளிச்சத்திலேயே நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முகம் வாசலைப் பார்த்து இருக்கட்டும். மாருதி ஈகோ போன்ற, பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் பின்பக்கம் பாரம் குறைந்தால் ஈரப்புல்லில் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. தண்ணீர் கேனைப் பின்னால் வையுங்கள், சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு கோணிச்சாக்கும் எடுத்துப் போங்கள். தலைமாடு மேட்டுப்பக்கம் வர வேண்டும். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுங்கள்.

குளிரைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுப்பது ஈரம். மூச்சும் வியர்வையுமாக ஒரு ஆள் ராத்திரி முழுக்க ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரை வண்டிக்குள் விடுகிறார். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டால் அத்தனையும் தகரக்கூரையில் பட்டுக் குளிர்ந்து, விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் போர்வையில் சொட்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள். ஜன்னலுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் ஷீட்டை அளவாக வெட்டிச் செருகுங்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும் என்பதால் மெத்தைக்கு அடியிலும் அதையே விரியுங்கள். மேலே இரண்டு கம்பளி போடுவதைவிட, அடியில் ஒன்று, மேலே ஒன்று என்று போடுவது நல்லது. நனைந்த சட்டையை உள்ளே காயப்போடாதீர்கள்.

அடுப்பு வண்டிக்கு வெளியில்தான். மழை கொட்டினாலும் உள்ளே கேஸ் பற்றவைப்பதோ, கரிச்சட்டி வைப்பதோ, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதோ கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தனியாக இருப்பவரை எழுப்ப ஆளும் கிடையாது. கையடக்க பியூட்டேன் டின் குளிரில் மந்தமாக எரியும். மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அந்த வாயு ஆவியாகவே ஆகாது. காலை டீக்கு அரை மணி முன்பு டின்னைக் கம்பளியில் சுற்றி வைத்தால் போதும், தீயில் காட்டாதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது. இரண்டு லிட்டர் குக்கரில், ஊறவைத்த அரிசியும் பாசிப்பருப்பும் போட்டு இருட்டுவதற்குள் பொங்கல் இறக்கிவிடலாம்.

மீதச் சாதமும் காய்த்தோலும் மூடிய டப்பாவில், வண்டிக்குள் இருக்க வேண்டும். இரவில் இறங்கும் முன் கதவைச் சற்றே திறந்து டார்ச்சை ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருங்கள். ஆயிரம் கிலோ வரை போகும் விலங்கு அது, மிரண்டால்தான் ஆபத்து. பூம்பாறை தாண்டினால் சிக்னல் விட்டு விட்டு வரும். எங்கே தங்குகிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலை இறங்கும்போது, ஏறிவந்த அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.