மிதக்கும் சொட்டு

ரத்ததான முகாமுக்குப் போனவர்கள் அந்த நீலத் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள். காப்பர் சல்பேட் கரைசல், ஒப்படர்த்தி 1.053, அதாவது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை அதில் விடுவோம். 15 நொடிக்குள் நேராக அடியில் போய் உட்கார்ந்தால் 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, ரத்தம் கொடுக்கலாம். பாதியில் தயங்கி நின்றாலோ மேலே மிதந்தாலோ மெஷினில் இன்னொரு முறை பார்ப்போம். அதிலும் குறைவென்றால் "இன்னைக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிடுவோம். மும்பையில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பல வருடங்களாக என் வேலையில் பாதி இந்தக் குப்பிக்குப் பக்கத்தில்தான்.

மிதப்பது பெரும்பாலும் பெண்களின் சொட்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஆண்களில் 25 சதவீதம். எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆபீஸ் முகாம்களில் பெண்கள் வரிசை வாசலில் நீளமாகத்தான் தொடங்கும், கட்டிலுக்கு வருவதற்குள் கரைந்துவிடும்.

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் நம் ஆட்கள் நடத்தும் முகாம் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், தமிழ் பேசுகிறேன் என்பதால். அங்கே திருப்பி அனுப்பப்படும் ஆண்கள் சண்டை போடுவார்கள், மெஷின் சரியில்லை என்பார்கள். பெண்கள் வெட்கப்படுவார்கள். "எனக்கு ரத்தமே இல்லையாக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்கள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு, பிரசவ காலத்தை விட்டால், வாழ்க்கையில் நடந்த ஒரே ரத்தப் பரிசோதனை இந்த நீலக் குப்பிதான். இதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

12.5 என்பது தானம் கொடுப்பதற்கான எல்லை. சோகைக்கான எல்லை வேறு: கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11. அதாவது 12.2 இருக்கும் பெண்ணுக்குச் சோகை இல்லை, தானம் மட்டும் முடியாது. 8.5 இருப்பவள் கதை முற்றிலும் வேறு. ஆனால் எங்கள் மேஜையிலிருந்து இருவருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது ஒரே வசனம்: "நல்லா சாப்பிடுங்க, கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம்." பின்னால் வரிசை நிற்கிறது, வேறென்ன சொல்வது? பீட்ரூட்டைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லாத கிழங்கு அது. சிவப்பாக இருக்கிறதே என்று நம்புகிறோம், அவ்வளவுதான்.

என் எண் தெரிய வந்தது தற்செயலாக. புது மெஷின் வந்திருந்தது, யார் விரலையாவது குத்திப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நான் இருந்தேன். 8.4 காட்டியது. மெஷின் கோளாறு என்று எல்லோரும் முடிவு செய்து அடுத்தவர் விரலைக் குத்தினார்கள், அவருக்கு 14. பிறகு கையிலிருந்து ரத்தம் எடுத்து முழுமையாகப் பார்த்தார்கள். சிவப்பணுக்களின் சராசரி அளவு 66. 80க்கு மேல் இருக்க வேண்டும். உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் வெறும் 5. எத்தனையோ பேருடைய ஸ்லைடைப் பார்த்திருக்கிறேன், அன்று என்னுடையதையே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அணுக்கள் சின்னச் சின்னதாக, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்பு.

அறிகுறிகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. தாதர் நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று, செருப்பைச் சரி செய்வதுபோல மூச்சு வாங்கிக்கொள்வேன். வீடு இருக்கும் புறநகர் டோம்பிவிலியிலிருந்து ரயிலில் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டு வரும்போது காதுக்குள் நாடித் துடிப்பு கேட்கும். ராத்திரி படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் மும்பையில் லோக்கலில் போய்வந்து வேலை பார்க்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அசதி என்றுதான் சொல்வாள். எல்லோருக்கும் இருப்பதை யார் நோயென்று நினைப்பார்கள்?

அப்புறம், அரிசி. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். சின்ன வயதில் அம்மா அதட்டுவாள், அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று. இப்போது என் மகள் கேட்டாள், "இனிமே யார் கல்யாணத்துக்கும்மா மழை?" அரிசி, பல்பம், சாம்பல், ஐஸ் கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவோடு வரும் ஒரு விநோதம். ஊரில் இப்படிப் பல்பம் தின்று அடி வாங்கிய பெண் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அடிக்குப் பதில் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி மகப்பேறு மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "மாதவிலக்கு எப்படி?" என்றார். நார்மல் என்றேன். "எல்லோரும் நார்மல் என்றுதான் சொல்வீர்கள். ராத்திரி எழுந்து நாப்கின் மாற்றுகிறீர்களா? கட்டி கட்டியாகப் போகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா?" மூன்றுக்கும் ஆமாம். ஸ்கேனில் கருப்பைச் சுவரில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது. பெரிதில்லை, ஆனால் ஒழுகிய வழி அதுதான். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது என்பது அம்மா காலத்திலிருந்து தெரிந்த விஷயம். ரத்தம் என்று வந்தால் மட்டும் எல்லோரும் ஊற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். எனக்குக் கருப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தார்கள். சில மாதங்களில் போக்கு நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் இதுவே வழி என்றில்லை. சிலருக்கு அந்த நாட்களில் மட்டும் எடுக்கும் டிரனெக்சாமிக் ஆசிட் மாத்திரையே போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இரும்பு மாத்திரை எளிதான பகுதி என்று நினைத்தேன். மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். மருத்துவர் சொன்ன நிபந்தனைகளைக் கேட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். டீ, காப்பியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் பான்டபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு சேருவதையும் குறைக்கும்.

இப்போது என் நாளைப் பாருங்கள். விடிகாலை எழுந்ததும் தைராய்டு மாத்திரை. கொஞ்ச நேரத்தில் காப்பி, அது இல்லாமல் நான் மனுஷியே இல்லை. லோக்கல். லேபில் பதினோரு மணிக்குப் பையன் கட்டிங் சாய் கொண்டுவருவான். சாப்பாடு முடிந்ததும் இன்னொன்று, நாலு மணிக்கு மற்றொன்று. வீட்டுக்கு வந்தால் காப்பி. படுக்கும் முன் மஞ்சள் போட்ட பால். முகாம் இருக்கும் நாளில் நேரத்துக்குச் சாப்பிடாமல் அமிலம் மேலே வரும், அதற்கு ஒரு பான் மாத்திரை. இதில் இரும்புக்கு எங்கே இடம்?

முதலில் பதினோரு மணி சாயை விட்டுவிட்டு அந்த நேரத்தில் மாத்திரை போட்டேன். வயிற்றைப் பிரட்டி, ஸ்டாண்டில் மாட்டிய ரத்தப் பைகளைப் பார்த்தாலே குமட்டியது. மலச்சிக்கல் வேறு. மலம் கறுப்பாகப் போனது. அது சகஜம் என்று எனக்குத் தெரியும், தெரியாதவர்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருத்துவரிடம் சொன்னதும் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறதாம். அது ஏறியிருக்கும் ஒரு நாள் வாக்கில் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. அதனால் தினமும் விழுங்குவதைவிட விட்டுவிட்டு எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக அளவு உள்ளே போகிறது, வயிறும் தாங்குகிறது. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம் என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை.

பால்தான் கடைசியில் இடம் விட்டது. அதை நிறுத்தி, இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சாயை ஒரு மணி நேரம் தள்ளினேன். லேபில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. சாய் குடிக்கும் பத்து நிமிடம்தான் எல்லோரும் சேர்ந்து உட்காரும் நேரம், அதை நான் கெடுக்கிறேனாம். டப்பாவில் சப்பாத்தியோடு முளைகட்டிய பயறும் எலுமிச்சைத் துண்டும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தாராவி 90 அடி ரோட்டில் ஆட்டு ஈரலோ சுவரொட்டி என்கிற மண்ணீரலோ வாங்கினோம். சுவரொட்டி தின்றால் ரத்தம் ஊறும் என்று ஊரில் சொல்வது வீண் பேச்சில்லை. கீரையில் இருக்கும் இரும்பைவிட இறைச்சியில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். ஆனால் 8.4 என்ற நிலையில் ஈரல் தின்று மட்டும் மேலே வர முடியாது. மாத்திரை வேண்டும்.

முதலில் போனது அரிசி ஆசை. எண் ஏறுவதற்கு முன்பே அது எப்போது போனதென்றே தெரியாமல் போயிருந்தது. நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது 9.9. மூன்று மாதம் தாண்டி 12.1. அத்தோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். "ரத்தம்தான் நிறைந்திருக்கிறது, கிடங்கு இன்னும் காலி" என்று இன்னொரு மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். பாலத்தில் செருப்பைச் சரி செய்வது நின்றது. ஆனால் அசதி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். டோம்பிவிலியிலிருந்து வந்துபோகும் அசதிக்கு மாத்திரை கிடையாது.

இதற்குப் பிறகு குப்பிக்குப் பக்கத்தில் நான் பேசுவது மாறிவிட்டது. சொட்டு மிதந்தால் பெண்களிடம் முதலில் மாதவிலக்கைப் பற்றித்தான் கேட்கிறேன், மருத்துவர் என்னிடம் கேட்ட அதே மாதிரி. ஆண்கள் என்றால் இன்னும் கூடுதலாக விசாரிப்பேன். ஆணுக்கு மாதாமாதம் ரத்தம் போவதில்லை, அப்படியிருந்தும் குறைகிறதென்றால் உள்ளே எங்கோ போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சி அப்படி வந்தார். 9 இருந்தது. மூலம் இல்லை, ஆனால் முதுகு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறாராம். "கக்கூஸ் கறுப்பாப் போகுதா அண்ணாச்சி?" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆமா, அதுக்கென்ன?" என்றார். இரும்பு மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு அப்படிப் போவது வேறு சமாச்சாரம். அன்றே சயான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப் புண் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரிந்ததாக அவர் தம்பி பிறகு வந்து சொன்னார்.

எல்லாச் சோகையும் இரும்பால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உல்ஹாஸ்நகரிலிருந்து வந்த ஒரு சிந்திப் பையன் வருடக்கணக்காக டானிக் குடித்தும் 11.5ஐத் தாண்டவில்லை. அணுக்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையோ அதிகம். ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்ததில் தலசீமியா மைனர். சிந்திகளிடமும் பஞ்சாபிகளிடமும் அதிகம் காணப்படும் மரபணுக் குறை இது. அவனுக்கு இரும்பு தேவையே இல்லை. கல்யாணம் செய்யும் முன் பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுதான் முக்கியம்; இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்குக் கடுமையாக வரலாம். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவால் வருவதும் உண்டு, அப்போது அணுக்கள் பெரிதாக இருக்கும். ஆகவே பரிசோதனை இல்லாமல் டானிக் பாட்டிலைத் திறக்காதீர்கள் என்று நச்சரிக்கிறேன்.

இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால் தமிழ், இந்தி, மராத்தியில் ஒரு சீட்டு அடித்து வைத்திருக்கிறோம்: உங்கள் எண் இவ்வளவு, ஃபெரிட்டினும் முழு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள், மாத்திரையை டீயோடு போடாதீர்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்றார் முகாம் பொறுப்பாளர். சிலர் படிக்கிறார்கள். தையல் யூனிட்டில் வேலை செய்யும் ஒரு பெண் அடுத்த வருட முகாமுக்கு அந்தச் சீட்டை மடித்த மடிப்போடு கொண்டுவந்தாள். எண் 11.8 ஆகியிருந்தது, இன்னும் கொடுக்க முடியாது. "டீயைத் தள்ளி வைக்கிறதுதான்க்கா கஷ்டம், சூப்பர்வைசர் விடுற நேரத்துலதானே குடிக்க முடியும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

பொறுப்பாளரோடு எனக்கு இன்னும் தீராத தகராறு பிஸ்கட் பற்றியது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் பிஸ்கட்டும் ஜூஸும் கணக்கு. திருப்பி அனுப்பப்படும் பெண்களையும் உட்காரவைத்து ஒரு பாக்கெட் கொடுத்துவிடுகிறேன், உட்கார்ந்தால்தான் பேச முடிகிறது. சாயங்காலம் பைகளின் எண்ணிக்கையும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. போன முகாமிலிருந்து அந்த வித்தியாசத்தை "சேதாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். போடுகிறேன்.