மூக்கு கனத்த சிவிக்

மார்ச் 1
பழைய 1.5 லிட்டர் இன்ஜினை இன்று இறக்கினோம். கார் 1994 ஹோண்டா சிவிக். இடம் மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டறை. ஏறப்போவது ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக, அதாவது வெட்டியெடுத்த முன்பாதியாக, வந்த ஹோண்டா பிரெலூடின் எச்22ஏ இன்ஜின்: 2157 சி.சி., 200 குதிரைத்திறன். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகோம் வாகனச் சோதனை எல்லாம் தனிக் கதை. எழுதத் தொடங்கினால் நாட்குறிப்பு மனுவாகிவிடும்.

மார்ச் 9
இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடையின் லாரி எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன். பிப்ரவரியில் 600 கிலோ, இன்று 660. “முன்னால் ஆளை ஒளித்து வைத்திருக்கிறாயா தம்பி?” என்றார் கடைக்காரர். ஓர் ஆள்தான் அண்ணே, பம்பரை ஒட்டி.

மார்ச் 16
சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைச் சாலை. நேரான ஏற்றத்தில் சொர்க்கம். மூன்றாவது கியரிலேயே மலை தட்டையாகிவிடுகிறது. வளைவு வந்ததும் இது வேறு கார். முன்பெல்லாம் மணிக்கட்டை அசைத்தாலே மூக்கு உள்ளே திரும்பும். இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் ஒரு கணம் தயங்குகிறது. அப்புறம் முன் டயர்கள் முனகிக்கொண்டே வெளியோரத்துக்கு நகர்கின்றன. முன்சக்கர ஓட்டக் காரில் இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்கள்தான். எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் எடை கூடிய அளவுக்குக் கூடாது. அதிலும் பெரும்பங்கை இழுவிசை விழுங்கிவிட்டால் திருப்ப என்ன மிஞ்சும்? இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் 200 என்ற எண்ணைப் பார்த்து மயங்கினேன்.

இன்னொன்று: இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் போகிறது.

மார்ச் 18
மெக்கானிக் அண்ணன் காருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, என்னையும் படுக்கச் சொன்னார். இன்ஜின் ஒருபுறம் தாழ்ந்திருந்தது. அதனால் முன் சக்கரங்களைச் சுழற்றும் இரு தண்டுகளின் (டிரைவ்ஷாஃப்ட்) கோணமும் ஒன்றாக இல்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டுக்கு அடியில் 8 மில்லிமீட்டர் தகடு வைத்துத் தூக்கினார். பிடுங்கல் பாதியாகக் குறைந்தது.

மார்ச் 23
முன்பக்கம் கெட்டியான ஸ்பிரிங்; பாட்டரி பின்பக்கம் போனது; சக்கரங்களின் அலைன்மென்ட் புதிதாகப் பார்த்தோம். எடைமேடையில் 640.

மார்ச் 30
பின்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி. வளைவில் வெளிப்பக்கம் மாறும் எடையில் கூடுதல் பங்கைப் பின் டயர்கள் ஏற்பதால் முன் டயர்களுக்கு மூச்சு கிடைக்கிறது. மூக்கு மறுபடி திரும்பியது, நான் விசிலடித்தேன். அடுத்த இறக்கத்து வளைவிலேயே எதிரே காய்கறி லாரி. பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. எப்படியோ நேராக்கினேன்.

கை நடுக்கம் நின்றதும் சாலையோரத்திலேயே படுத்து, பாரின் முனையை இணைக்கும் லிங்க்கைக் கழற்றி, மென்மையான கடைசித் துளைக்கு மாற்றினேன். இறங்கும் வழியில் மூக்கு மறுபடி கொஞ்சம் வெளியே போனது. போகட்டும்.