இத்தாலியின் கல் பண்ணைவீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

டஸ்கனியிலும் உம்ப்ரியாவிலும் விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் பழைய கல்வீடுகளில் பெரும்பாலானவை நிலக்காரரின் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சல் பங்குக்கு, உழுத குடியானவர்கள் குடியிருந்தவை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. மெட்ஸாத்ரியா என்று பெயர். 1950களிலும் 60களிலும் ஆலை வேலை தேடி ஆட்கள் நகரங்களுக்குப் போனார்கள்; 1964இல் புதிய மெட்ஸாத்ரியா ஒப்பந்தங்களைச் சட்டமும் தடை செய்தது. ஆளில்லாமல் கிடந்த வீடுகளைத்தான் பின்னால் வந்தவர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். இதெல்லாம் எதற்கு என்றால், அந்தக் குடும்பங்கள் எப்படிப் புழங்கின என்று தெரிந்தால் எந்த அறையைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

கீழ்த்தளம் மாட்டுத் தொழுவம். குடும்பம் வெளிப்படிக்கட்டு வழியாக ஏறி மேலே வாழ்ந்தது. மாடுகளின் உடல்சூடு குளிர்காலத்தில் மேல்தளத்துக்கு உதவியது. இன்று அந்தத் தொழுவம்தான் தோட்டத்தைப் பார்த்த அழகான அறையாக விளம்பரத்தில் வருகிறது. அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரத்தடை கிடையாது, ஆகவே ஓதம் ஏறும். தலைமுறைகளாகச் சாணமும் மூத்திரமும் ஊறிய கல்லில் நைட்ரேட் உப்பு தங்கியிருக்கும். ஈரம் காயும் இடத்தில் அந்த உப்பு படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சானால் ஈரம் சுவரிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பூசிவிட்டால் வழி அடைபட்டு, ஓதம் இன்னும் உயரத்துக்குப் போகும். புதுப்பித்தலில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். விளம்பரப் படத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடி, கொப்புளம், அந்த உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட், இவற்றில் எது தெரிந்தாலும் மேல்தள அறையைக் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் யோசிக்க வேண்டும்: கூரை ஓட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு போடாத வீட்டில் மேல்தளம் கொதிக்கும், கீழ்த்தளம் குளுகுளுவென்றிருக்கும்.

சுவர்கள் 50, 60 சென்டிமீட்டர் கனம். வெளிவெப்பம் உள்ளே வந்துசேர ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதனால் கோடையில் காலை ஒன்பது மணிக்குள் சன்னல்களையும் வெளிப்புற மரக்கதவுகளையும் மூடிவிட வேண்டும். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, இரவில், எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். நடுப்பகலில் காற்று வரட்டும் என்று திறந்தால் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும், படுக்கை விரிப்புகூட நசநசக்கும். குளிர்காலத்தில் இதே கனம் எதிராக வேலை செய்யும். ஆறிப்போன வீடு சூடேற இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஆகவே வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஹீட்டிங் போடச் சொல்லி எழுதிவிடுங்கள். பல வீடுகளில் அது தோட்டத்துத் தொட்டியிலிருந்து வரும் எல்பிஜி. மீட்டர்படி தனிக் கட்டணம் கேட்பார்கள். வந்ததும் மீட்டரைப் படம் எடுத்துவையுங்கள். ஃபுளோரன்ஸ், சியெனா நகரங்கள் உள்ள தட்பவெப்ப மண்டலத்தில் ஹீட்டிங்குக்குப் பொதுவான சட்ட வரம்பு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 12 மணி நேரம். அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் கணப்படுப்பையே நம்ப வேண்டியிருக்கலாம். புகைபோக்கி குளிர்ந்திருந்தால் புகை அறைக்குள் திரும்பும்: முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைவழியில் உயர்த்திப் பிடித்துச் சூடாக்குங்கள், சன்னலை ஒரு விரற்கடை திறந்துவையுங்கள், பிறகு விறகைப் பற்றவையுங்கள்.

வீட்டு மின் இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட்தான். மின் அடுப்பும் சலவை இயந்திரமும் தண்ணீர் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் மீட்டர் துண்டித்துவிடும். அந்த மீட்டர் பெரும்பாலும் வெளியே, வாசல் தூணிலோ பழைய வைக்கோல் கொட்டகையிலோ இருக்கும். முதல் நாள் வெளிச்சத்திலேயே இடத்தைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். கல்சுவர் வைஃபையையும் தடுக்கும். வேலை செய்ய வேண்டியவர்கள் ரூட்டர் எந்த அறையில் இருக்கிறது என்று முன்பே கேளுங்கள். கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறது, கழிப்பறையில் அதற்கான காகிதம் தவிர வேறெதையும் போடக் கூடாது.

கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் பல இடங்களில் வெள்ளைச் சரளை மண்பாதை. வாடகைக் காரின் காப்பீட்டில் டயரும் அடிப்பாகமும் சேருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், ஏனென்றால் அடிபடுவது அவைதான். முகவரியைவிட வரைபட ஆயத்தொலைவுகளை வாங்கிக்கொள்வது நல்லது. இருட்டுமுன் போய்ச் சேருங்கள்.

பண்ணைச் சாப்பாடும் ஆலிவ் தோப்பும் வேண்டுமென்றால் அக்ரிதுரிஸ்மோ என்று பதிவான இடத்தையே தேடுங்கள். 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டப்படி விவசாயி மட்டுமே அதை நடத்த முடியும், விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும். காசாலே என்றால் வெறும் நாட்டுப்புற வீடு. பக்கத்தில் பயிர் இருக்க வேண்டிய அவசியமில்லை. குறுகிய கால வாடகை விளம்பரங்களில் சிஐஎன் என்ற தேசிய அடையாள எண் இருக்க வேண்டும், இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் விவரங்களை உரிமையாளர் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும், கேட்டால் தயங்க வேண்டாம். பல ஊர்களில் ஆளுக்கு, இரவுக்கு என்று தங்கல் வரி உண்டு. அதற்குக் கொஞ்சம் யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.