மியுவான் காட்டும் காலம்

காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதற்குச் சாட்சி நம் தலைக்கு மேலேயே பொழிகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது, எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான நுண்துகள்களான மியுவான்கள் பிறக்கின்றன. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். ஆனாலும் தரைக்கு வந்துவிடுகின்றன, உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று!

ஒளிவேகத்தை அவை நெருங்குவதால், நம் கடிகாரப்படி அவற்றின் காலம் மெதுவாகிறது. மியுவானின் பக்கம் நின்று பார்த்தால் ஆயுள் நீளவே இல்லை, வளிமண்டலம்தான் சுருங்கிவிட்டது. இரண்டு கணக்கும் சரியே. இதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. 1941-இல் இயற்பியலாளர்கள் ரோசியும் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோவில் வெவ்வேறு உயரங்களில் மியுவான்களை எண்ணி, காலம் மெதுவாவதற்கு ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சமன்பாட்டை உறுதிசெய்தார்கள்.