மின்மினி மனிதனின் நீண்ட கை

எட்டு வயதில் நான் வரைந்த சூப்பர் ஹீரோ படங்களைச் சில மாதங்களாக மறுபடியும் வரைந்து வருகிறேன். கோடு போட்ட ஒரு நோட்டில் மொத்தம் 34 படங்கள் இருக்கின்றன. அத்தனையிலும் ஒரே நாயகன்தான், பெயர் மின்மினி மனிதன். முகமூடி அணிந்திருப்பான், தோளிலிருந்து சிவப்புத் துணி பறக்கும், நெஞ்சில் விளக்கு எரியும். முகமூடியும் துணியும் நான் கண்டுபிடித்தவை அல்ல. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938-இல் தோளில் துணி பறக்க வெளிவந்தான். அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளின் நோட்டுகளில் அந்தத் துணி பறந்திருக்கிறது. விளக்கு மட்டும் என்னுடையது.

ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிய நீலம் ஏறக்குறைய வெளிறிப்போய்விட்டது. கிரேயானை அழுத்தித் தேய்த்த சிவப்போ அப்படியே இருக்கிறது. மலிவான தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பக்கங்கள் பழுப்பேறி, ஓரங்கள் தொட்டாலே உதிர்கின்றன. ஆகவே மூலத்தின் மேல் ஒரு கோடுகூடப் போடாமல், ஸ்கேன் செய்து அச்செடுத்த பிரதியை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் வைத்து, அதன் மேல் புதுத் தாளை விரித்து வரைகிறேன்.

முதல் பத்துப் படங்கள் சிரமமின்றி முடிந்தன. உடலை அளக்க ஓவியர்கள் தலையையே அளவுகோலாகக் கொள்வார்கள்: வளர்ந்த ஒருவரின் உயரம் சராசரியாக ஏழரைத் தலை, நாயகன் என்றால் எட்டுத் தலை அல்லது அதற்குச் சற்று மேல். என் மின்மினி மனிதன் மூன்றரைத் தலை உயரமே இருந்தான். அவனை எட்டுத் தலைக்கு வளர்த்து, தோளை அகலமாக்கி, தசைகளை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்தினேன். படங்கள் திருத்தமாக வந்தன. எனக்கும் நிறைவாகவே இருந்தது.

பதினோராவது படத்தில் கை நின்றுவிட்டது. மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் ஜன்னலில் ஒரு குழந்தை தொங்குகிறது. மின்மினி மனிதன் பக்கத்தின் அடியில், தரைக்காக இழுத்த பச்சைக் கோட்டின் மேல் நிற்கிறான். அவனுடைய வலக்கை, உடம்பைப் போல மூன்று மடங்கு நீண்டு, ஜன்னல் வரை போய்க் குழந்தையைப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை உடற்கூறு சொல்லும் அளவுக்குக் குறைத்தபோது அது முதல் மாடியைக்கூட எட்டவில்லை. அவனைப் பறக்க வைத்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் நோட்டு முழுவதும் தேடிப் பார்த்தேன், அவன் ஒரு படத்திலும் பறக்கவில்லை.

சிறுவர் ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு, ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகள் தங்களுக்கு முக்கியமானதைப் பெரிதாக்கியும் நீட்டியும் வரைவார்கள் என்று விளக்கியிருக்கிறார். படித்த நாளில் அதைத் தகவலாக மட்டுமே வைத்திருந்தேன். கை நின்றுவிட்ட அன்று மூலப் பக்கத்தை எடுத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, வெளிச்சம் தாளின் மேல் சாய்ந்து விழும்படி வைத்துப் பார்த்தேன். பென்சிலை அழுத்திப் பிடிக்கும் பிள்ளையின் கோடு தாளில் பள்ளமாகப் பதிந்துவிடும். ரப்பர் கரியை அழிக்குமே தவிரப் பள்ளத்தை அழிக்காது. அந்தப் பள்ளங்களில் இன்னும் இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்று சரியான அளவுக்கு மிக அருகில் இருந்தது. இரண்டாவது கீழ்ஜன்னல் வரை போயிருந்தது. இரண்டையும் அழித்துவிட்டு மூன்றாவதாகப் போட்ட கைதான் குழந்தையைத் தொட்டிருக்கிறது. ஒரு கை எவ்வளவு நீளம் இருக்கும் என்று அந்தச் சிறுவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், குழந்தை கீழே விழக்கூடாது என்பதற்காக அதை நீட்டியிருக்கிறான்.

நான் வரைந்து முடித்த பத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவை திருத்தமான படங்கள், ஆனால் யாரோ ஒருவருடைய படங்கள்.

பதினோராவதை ஐந்து முறை வரைந்தேன். கையின் நீளத்தில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக மற்ற உடம்பை அந்தக் கைக்கு ஏற்றபடி அமைத்தேன். வலக் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி, இடுப்பை இடப்பக்கம் ஒடித்து, தோளைக் காதுக்கு மேல் ஏற்றியபோது, இழுவிசை பாதத்தில் தொடங்கி விரல் நுனி வரை ஓடுவது போன்ற ஓட்டம் கிடைத்தது. நீண்ட கை மெலிந்தால் கயிறு போலாகிவிடும் என்பதால் மணிக்கட்டைத் தடிமனாகவே விட்டேன். தோளிலிருந்து விரல் வரையிலான கோட்டைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மையிட வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தினால் அங்கே கை முறிந்தது போல் தெரிகிறது. முகத்தில் எதையும் சேர்க்கவில்லை. அவன் வாய்க்குப் போட்டிருந்த நேர்க்கோடு அப்படியே இருக்கிறது.

பன்னிரண்டாவது படத்தில் நெஞ்சு விளக்கு அணைந்திருக்கிறது. ஏன் அணைத்தேன் என்பது நினைவில் இல்லை. அந்தப் பக்கத்தை இன்னும் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இன்றிரவு பார்க்க வேண்டும்.