சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை

உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் விமானத் தடங்களில் ஒன்று, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தை நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தோடு இணைப்பது. இரண்டிற்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். பயண நேரம் பதினெட்டு மணி நேரத்திற்கும் மேல்.

என்னை உண்மையிலேயே வியக்க வைப்பது அந்தக் குறுகிய பாதை செல்லும் இடம்தான். இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட 178 பாகை விலகி இருப்பதால், உலக உருண்டையின் மீது அவற்றுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டியே செல்லும். ஆனால் விமானிகள் எப்போதும் அந்த வழியில் செல்வதில்லை. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வளிமண்டலத் தாரைக் காற்று வலுவாக இருக்கும் நாள்களில், பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பாதையே எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆகவே, வரைபடத்தில் அளந்த தொலைவை வைத்து மட்டும் பயண நேரத்தைக் கணக்கிடுவது சரியாக வராது.

2004இல் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தைக் கொண்டு அருகிலுள்ள நியூவார்க்கிற்குத் தொடங்கப்பட்ட இடைநில்லாச் சேவை, நான்கு எஞ்சின்களின் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றது. இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 விமானத்தின் நெடுந்தொலைவு வகைதான் 2018இல் அதை மீட்டது. அதில் சாதாரண வகுப்பே கிடையாது. எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே. வசதி குறைந்தவர்களுக்கு இந்த நேர்வழி எட்டாமலேயே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.