புரட்டாசியில் ஒரு மாரத்தான்

அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை இரண்டாவது முறையாக ஓடப்போகிறேன். சென்ற முறை கால்களை மட்டுமே தயார் செய்திருந்தேன். இம்முறை நாள்காட்டியையும் சமையலறையையும் அம்மாவையும் சேர்த்துத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஓட்டம் டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து விடியலுக்கு வெகு முன்னரே புறப்பட்டுவிடும். வெயிலுக்கு அஞ்சித்தான் அந்த நேரம். கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டியே எழுவதால், நான்கு மணிவாக்கில் கிளம்பி மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுகிற வேகக்காரர்களுக்கு வெயிலே கிடையாது. ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கோ, உடல் மிகவும் ஓய்ந்துபோகிற கடைசி இரண்டரை மணி நேரம் முழுக்க வெயிலில்தான் கழியும். இருட்டிலும் பெரிய சுகமில்லை. வெப்பநிலை 24, 25 பாகைக்கு இறங்கினாலும் காற்றில் ஈரம் மண்டிக் கிடப்பதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்குமே தவிர உடல் சூடு தணியாது. குளிர்நாட்டினர் எழுதிய பயிற்சி அட்டவணையின் வேகத்தை இங்கே அப்படியே பின்பற்றுவது வீண் வம்பு என்பது என் கருத்து. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 வினாடி என்பதுதான் என் கணக்கு. முதல் பாதியில் அதைவிட வேகமாக ஓடி நேரத்தைச் சேமிக்கலாம் என்று போன முறை ஆசைப்பட்டு, 31ஆவது கிலோமீட்டரிலிருந்து நடந்தே வந்தேன்.

அன்று இன்னொரு தவறும் செய்தேன். தண்ணீர் வைத்திருந்த மேசை ஒன்றைக்கூட விடாமல் வெறும் தண்ணீரையே குடித்ததில், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிக்கொண்டது, தலையும் சுற்றியது. வியர்வையில் வெளியேறிய உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன். இப்போது ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். எனக்கு ஒரு மணி நேரத்தில் 1.2 கிலோ குறைகிறது. அத்தனையையும் ஓடும்போதே குடித்து நிரப்ப வயிறு இடம் கொடுக்காது என்பதால், தாகத்துக்கு ஏற்ப, வாயு போக்கிய ஹண்ட்ரட் பிளஸ் என்னும் உப்புச்சத்துள்ள பானத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பழகி வருகிறேன்.

பயிற்சி பதினெட்டு வாரம்; ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்தாயிற்று. வார நாள்களில் செந்தூலுக்குப் பக்கத்திலுள்ள தித்திவாங்சா ஏரியைச் சுற்றுகிறேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் பாடாங் மெர்போக்கில் கூடும் ஒரு குழுவோடு புக்கிட் துங்கு மேடுகளில் ஏறி இறங்குகிறேன். இருட்டில் பெண்கள் தனியாக ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிக நீண்ட ஓட்டமாகிய 32 கிலோமீட்டரைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். காலணியைப் பற்றிப் பலரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். போட்டியன்று புதிதாக எதையும் அணியாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், தூரத்தைக் குறைக்கும் அந்த வாரங்கள் புரட்டாசியில் வருகின்றன. எங்கள் வீட்டில் மாதம் முழுவதும் சைவம். மாவுச்சத்துக்குக் குறைவே இல்லை, சோறும் இட்லியும் போதும். புரதத்துக்குத்தான் சோயாவில் செய்த தெம்பேயையும் தவ்வுவையும் பருப்பையும் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. புரட்டாசியில் யாரும் திருமணம் வைக்க மாட்டார்கள் என்பதால் இரவு விருந்துகளுக்குப் போகாமல் தப்பித்தேன் என்று மகிழ்ந்திருந்தபோதுதான், போட்டிக்கு முந்தைய நாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை அம்மா நினைவூட்டினார். கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் அன்று வரிசையில் நின்றால் என் கால்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பேச்சுவார்த்தைக்குப் பின், முந்தைய சனிக்கிழமையே கிள்ளானுக்குப் போய்வருவது என்றும், அந்தச் சனிக்கிழமை வீட்டிலேயே தளிகை போடுவது என்றும் முடிவாயிற்று. வாழையிலைச் சாப்பாட்டில் கீரையும் கொண்டைக்கடலையும் எனக்கு மட்டும் கிடையாது. நார்ச்சத்து மறுநாள் வயிற்றைப் படுத்தும்.

அன்று மாலை ஏழு மணிக்குப் படுத்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு எழுந்து, ஒன்றரைக்கு இட்லி. இதற்கு ஒத்திகை பார்த்த முதல் நாள், விளக்கு எரிவதைக் கண்டு எழுந்து வந்த அம்மா, “ஏம்மா, பேய்கூடத் தூங்கும் நேரத்தில் இட்லியா?” என்றார். மூன்றாவது வாரம் அவரே சட்னி இல்லாமல் சர்க்கரை தொட்டுக்கொள்ள எடுத்து வைத்துவிட்டார். அந்த நேரத்தில் வழக்கமான ரயில் ஓடாது, சாலைகளும் அடைபட்டிருக்கும் என்பதால், தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

திட்டமிட முடியாதது புகைமூட்டம் ஒன்றுதான். 2015இல் இதே மாரத்தான் புகைமூட்டத்தால் ரத்தானது. எத்தனை பேருடைய எத்தனை மாத உழைப்பு! காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாள்களில் நான் வெளியே ஓடுவதில்லை. அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குவதோடு சரி.

திங்கட்கிழமைக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி எந்த நாளில் ஓடும் என்பது யாருக்கும் தெரியாது.